பதின்வயதுப் பிள்ளையைக் கவுன்சிலிங்குக்கு அழைத்துப் போவது: முதல் சந்தேகத்திலிருந்து கடைசி செஷன் வரை

திங்கட்கிழமை காலை ஏழே காலுக்கு என் மகனுக்கு வயிறு வலிக்கும். ஞாயிற்றுக்கிழமை வலிக்காது. அரசு விடுமுறை என்றால் திங்களும் வலிக்காது. இந்தக் கணக்கைக் கண்டுபிடிக்க எங்களுக்கு நான்கு மாதம் ஆனது. அதற்குள் வயிற்று ஸ்கேன் ஒன்று, ரத்தப் பரிசோதனை இரண்டு, கேஸ் மாத்திரை டப்பா டப்பாவாக, என் மாமியார் மிளகாய் சுற்றிப் போட்டது மூன்று வெள்ளிக்கிழமை. பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கி, புதுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு சேர்ந்த பையன். ஆகஸ்டில் வாரம் ஒரு நாள் லீவு, அக்டோபரில் மூன்று நாள், தீபாவளிக்குப் பிறகு போகவே இல்லை.

ஸ்கேனைப் பார்த்த டாக்டர்தான், "வயிற்றில் ஒன்றும் இல்லை, மனதை யாராவது பார்க்கட்டும்" என்றார். அதற்குப் பிறகு ஒரு வருடம் நாங்கள் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதை, அதே நிலையில் நிற்கும் பெற்றோருக்காக வரிசையாக எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. ஆனால் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்த நேரம் அதிகம். கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டது அதைவிட அதிகம்.

படி 1: வயசுக் கோளாறா, வேறு ஏதாவதா?

கதவைச் சாத்திக்கொள்வது, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவது, சொந்தக்காரர் வீட்டுக்கு வரமாட்டேன் என்பது, ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் சுறுசுறுப்பாவது. இவையெல்லாம் பெரும்பாலும் வயசு. இந்த வயதில் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் ராத்திரியில் தாமதமாகத்தான் சுரக்கத் தொடங்குகிறது. சோம்பேறித்தனம் என்று நாம் திட்டுவதில் பாதி அதுதான். உணர்ச்சியைக் கிளப்பும் மூளைப் பகுதிகள் முன்னால் ஓட, யோசித்து அடக்கும் முன்மூளை முழுதாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும். அதனால் கோபம் மட்டும் இருந்தால் பொறுத்துப் பார்க்கலாம்.

நான் இப்போது மற்ற பெற்றோரிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: பிள்ளை முன்பு செய்துகொண்டிருந்த எது நின்றுபோயிருக்கிறது? பள்ளியா, சாப்பாடா, தூக்கமா, நண்பர்களா, சாயங்கால கிரிக்கெட்டா? இரண்டு வாரத்துக்கு மேல் அது நின்றே கிடந்தால், அல்லது பிள்ளை முன்பிருந்த பிள்ளையாகவே இல்லை என்று தோன்றினால், ஒரு நிபுணர் பார்ப்பது நல்லது. என் மகன் வீட்டில் சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தான். அதைப் பார்த்துத்தான் ஏமாந்தோம்.

உடம்பையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தைராய்டு கோளாறும் ரத்தசோகையும் மனச்சோர்வு போலவே தெரியலாம். ஆனால் ரிப்போர்ட் சரியாக இருக்கிறது என்றால் "நடிக்கிறான்" என்று முடிவு கட்டாதீர்கள். பயத்தில் வரும் வயிற்றுவலி நிஜமான வலி.

காத்திருக்கவே கூடாத சில விஷயங்கள் உண்டு. சாவைப் பற்றிப் பேசுவது, கையில் கீறிக்கொண்ட தடம், ஆசையாக வைத்திருந்த பொருளையெல்லாம் திடீரென்று பிறருக்குக் கொடுத்துவிடுவது, இல்லாத குரல் கேட்கிறது என்பது, சாப்பாட்டை அடியோடு ஒதுக்குவது. இங்கே அப்பாயின்ட்மென்ட் எல்லாம் பார்க்க வேண்டாம், அன்றைக்கே போங்கள். "செத்துப்போகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்பது தவறான பயம். கேட்பதால் எண்ணம் விதைக்கப்படுவதில்லை, பல பிள்ளைகளுக்கு ஒருவராவது கேட்டாரே என்று இருக்கும். வீட்டில் இருக்கும் மாத்திரைகள், பூச்சிமருந்து எல்லாவற்றையும் பூட்டுங்கள், இல்லை வெளியேற்றுங்கள். பிள்ளையைத் தனியே விடாதீர்கள். போலீஸ் கேஸாகும் என்று பயந்து மருத்துவமனைக்குப் போகத் தயங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றுதான் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் எடுத்துக்கொள்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை. அந்தப் பயத்தில் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்க வேண்டாம்.

படி 2: யாரிடம் போவது?

நாங்கள் சறுக்கிய இடம் இது. தெரிந்தவர் ஒருவர் சொன்னார் என்று, போர்டில் "கவுன்சிலிங்" என்று போட்டிருந்த ஒருவரிடம் போனோம். நாற்பது நிமிஷம் என் மகனுக்கு அவர் அறிவுரை சொன்னார். அம்மா அப்பா எவ்வளவு கஷ்டப்படுகிறார்கள், அந்தக் காலத்தில் தெருவிளக்கில் படித்தவர்கள் எல்லாம் எப்படி ஆனார்கள். பையன் தலையாட்டிக்கொண்டே இருந்தான். வெளியே வந்து, "இதுக்குத்தான் பெரியப்பா இருக்காரேம்மா" என்றான். அதற்கப்புறம் இரண்டு மாதம் யாரிடமும் வரமாட்டேன் என்று விட்டான்.

மூன்று வகையினரைப் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். மனநல மருத்துவர் எம்பிபிஎஸ் முடித்து மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு படித்தவர். நோயைக் கண்டறிவார், மருந்து எழுதலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுதமாட்டார், பேச்சு வழியாகச் சிகிச்சை தருவார். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்கலாம், அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. கவுன்சிலர் என்பது மூன்றாவது. நன்கு படித்துப் பயிற்சி பெற்ற கவுன்சிலர்கள் நிறைய உண்டு, ஆனால் இரண்டு நாள் சான்றிதழ் வகுப்போடு போர்டு மாட்டியவர்களும் உண்டு. அதனால் என்ன படித்தார், பதின்வயதுப் பிள்ளைகளோடு எத்தனை வருடம் வேலை செய்திருக்கிறார், எந்த முறையில் சிகிச்சை தருகிறார் என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். "எல்லாம் சரி பண்ணிடலாம், கவலைப்படாதீங்க" என்று மட்டும் பதில் வந்தால் அடுத்த எண்ணுக்குப் போகலாம்.

எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லையா? மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கியது, இலவசம், இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் பேசலாம். பிள்ளைதான் கூப்பிட வேண்டும் என்றில்லை, குழம்பி நிற்கும் பெற்றோரும் கூப்பிடலாம். தமிழ்நாட்டில் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். பரீட்சை முடிவு வரும் நாட்களில் மாணவர்கள் அதிகம் கூப்பிடும் எண் அது. சென்னையில் 1986இலிருந்து இயங்கும் சிநேகா, தற்கொலை எண்ணத்தோடு தவிப்பவர்களுக்காகவே இருக்கிற தன்னார்வ அமைப்பு.

பணம் பெரிய விஷயம், அதை மறைக்க வேண்டியதில்லை. எங்களுக்கு ஒரு செஷனுக்கு 1,000 ரூபாய் ஆனது, வாரம் ஒன்று என்றால் மாதம் 4,000. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு, அங்கே செலவில்லை. கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும்.

படி 3: பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

பொய் சொல்லி அழைத்துப் போகாதீர்கள். கண் டாக்டர் என்று சொல்லி மகளைக் கூட்டிப்போன ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். அந்தப் பெண் அறைக்குள் போய் வாயே திறக்கவில்லை.

எதிரெதிரே உட்கார்ந்து "உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும்" என்று ஆரம்பித்தாலே இந்த வயதுப் பிள்ளைகள் கோட்டைக் கதவை அடைத்துவிடுவார்கள். நான் வண்டியில் போகும்போது சொன்னேன். அவன் பின்னால் உட்கார்ந்திருந்தான், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. "முன்னாடி போனது தப்பான இடம். அது என் தப்பு. இன்னொருத்தர்கிட்ட ஒரு தடவை போய்ப் பார்ப்போம். பிடிக்கலைன்னா நீயே சொல்லு, வேற ஆளைத் தேடலாம்." பதில் வரவில்லை. சிக்னல் தாண்டி, "லேடியா இருந்தா பரவால்ல" என்றான்.

"உன்கிட்ட என்ன பிரச்சினைன்னு பார்க்கணும்" என்று சொல்லாமல், "காலைல உனக்கு அந்த வலி வருது பாரு, அது ரொம்பக் கஷ்டமா இருக்கும்போல" என்று பிள்ளையே ஒப்புக்கொள்ளும் கஷ்டத்திலிருந்து தொடங்குங்கள். "பைத்தியமா நான்?" என்று நிச்சயம் கேட்பார்கள். "பைத்தியம்னா நீ ஏன்டா என்கிட்ட இவ்வளவு தெளிவா சண்டை போடறே" என்றேன். சிரித்தான். உங்கள் வீட்டுக்கு எந்தப் பேச்சு எடுபடும் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

படி 4: முதல் நாள்

பெரும்பாலும் முதலில் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து, பிறகு பிள்ளை தனியாக, சில இடங்களில் பெற்றோர் மட்டும் தனியாக. எப்போது தொடங்கியது, தூக்கம், பசி, வீட்டுச் சூழல், குடும்பத்தில் யாருக்காவது மனநலப் பிரச்சினை இருந்ததா என்றெல்லாம் கேட்பார்கள். கடைசிக் கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள். என் சித்தப்பாவைப் பற்றி நான் மறைத்தேன், மூன்றாவது வாரம் அசடு வழியச் சொல்ல நேர்ந்தது.

ரகசியம் பற்றி அங்கேயே தெளிவாகப் பேசிவிடுவார்கள். பேசாவிட்டால் நீங்கள் கேளுங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே என்பதால் சிகிச்சைக்கு உங்கள் சம்மதம் வேண்டும். ஆனாலும் பிள்ளை உள்ளே பேசுவது உங்கள் காதுக்கு அப்படியே வராது. உயிருக்கு ஆபத்து, பிறருக்கு ஆபத்து, பாலியல் துன்புறுத்தல் என்றால் மட்டும் வரும். 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி கடைசியாகச் சொன்னதைத் தெரிந்துகொண்டவர் எவராயினும் புகார் தந்தே ஆக வேண்டும். மற்றபடி, யாரைப் பிடிக்கும், எந்த மிஸ்ஸைப் பிடிக்காது, அப்பா மேல் என்ன கோபம் என்பதெல்லாம் அந்த அறையோடு சரி. என் வீட்டுக்காரருக்கு இதில் கடுப்பு. "காசு கொடுக்கறது நாம, என்ன பேசினான்னு தெரியக்கூடாதா?" என்றார். தெரியக்கூடாது. தெரியாது என்கிற நம்பிக்கையில்தான் பிள்ளை வாயைத் திறக்கிறது, வேறு எந்த வித்தையும் அங்கே இல்லை.

படி 5: உள்ளே அப்படி என்னதான் நடக்கிறது?

பெயர்கள் பல. பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் அதிகம் பயன்படுவது சிபிடி எனப்படும் சிந்தனை நடத்தைச் சிகிச்சை. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960களில் உருவாக்கியது. வாரம் ஒரு முறை, பன்னிரண்டு முதல் பதினாறு செஷன் என்று ஒரு கணக்கோடு போகும். கையைக் கீறிக்கொள்ளும், உணர்ச்சி கட்டுக்கடங்காமல் போகும் பிள்ளைகளுக்கு அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கிய டிபிடி, அதாவது உணர்ச்சியைக் கையாளப் பழக்கும் சிகிச்சை. சாப்பாட்டுக் கோளாறு என்றால் முழுக் குடும்பத்தையும் உட்காரவைத்துச் செய்யும் சிகிச்சை. உங்கள் பிள்ளைக்கு எது என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். நான் கிட்டத்திலிருந்து பார்த்தது சிபிடி மட்டும்.

என் மகனுக்குச் சிகிச்சை தந்த மேடம் முதலில் ஒரு கோடு வரைந்தார். பள்ளியை நினைத்தால் பயம் ஏறுகிறது, லீவு போட்டால் சட்டென்று இறங்குகிறது. அந்த இறங்கும் சுகம்தான் பொறி. தப்பித்தால்தான் பயம் போகும் என்று மூளை கற்றுக்கொள்கிறது, மறுநாள் பயம் இன்னும் பெரிதாக வருகிறது. தப்பிக்காமல் அங்கேயே இருந்தால் பயம் உச்சிக்குப் போய்த் தானாகவே இறங்கும் என்பதை உடம்பு ஒருமுறையாவது அனுபவிக்க வேண்டும். அதைச் சின்னச் சின்னதாகச் செய்யத்தான் ஓர் ஏணி போடச் சொன்னார்.

ஏணி என்பது ஒரு வெள்ளைத்தாள், அவ்வளவுதான். அதில் என் மகனே எழுதினான், ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை பயம் என்று பக்கத்தில் எண். யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வீட்டில் அரை மணி நேரம் இருப்பது: 2. சாயங்காலம் ஆறு மணிக்கு, யாரும் இல்லாதபோது பள்ளி கேட் வரை போவது: 3. காலை எட்டரைக்கு அதே கேட்டில் பத்து நிமிஷம் நிற்பது: 6. லைப்ரரியில் ஒரு பீரியட்: 7. பிசிக்ஸ் வகுப்பில் உட்காருவது: 9. பிசிக்ஸ் வகுப்பில் கேள்வி கேட்டால் எழுந்து பதில் சொல்வது: 10, பக்கத்தில் அடித்து 12. அந்தப் பன்னிரண்டைப் பார்த்துத்தான் எங்களுக்கே விஷயம் புரிந்தது. தமிழ் மீடியத்திலிருந்து வந்தவன் முதல் மாதமே இங்கிலீஷில் பதில் சொல்லத் திணறி, வகுப்பே சிரித்திருக்கிறது. ஜூலையில் நடந்தது, எங்களுக்குத் தெரியவந்தது ஜனவரியில்.

கேட்டில் நின்ற முதல் காலை நானும் கூட இருந்தேன். எதிர்ப்பக்க டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தினோம். கை சில்லென்று இருந்தது. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் எண் கேட்கச் சொல்லியிருந்தார் மேடம். "எட்டு." பிறகு "எட்டு." எனக்கே வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று இருந்தது. இருபதாவது நிமிஷம், "ஆறுன்னு நினைக்கிறேன்," என்றான், "பசிக்குதும்மா." ஒரு வடை வாங்கிக் கொடுத்தேன். பத்து நிமிஷம் என்று திட்டமிட்டதை நாங்கள் இருபதாக நீட்டியது தற்செயல்தான். எண் இறங்கும்வரை நிற்பதுதான் முக்கியம் என்று பிறகு மேடம் சொன்னார்.

மருந்து வேண்டுமா என்பது எல்லாருக்கும் வரும் பயம். மனநல மருந்து என்றாலே அடிமையாகிவிடுவார்கள், மந்தமாகிவிடுவார்கள் என்று ஊரில் சொல்வதை நானும் நம்பிக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் பதற்றக் கோளாறு உள்ள 7 முதல் 17 வயதுப் பிள்ளைகள் 488 பேரிடம் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், பன்னிரண்டு வாரத்தில் நன்றாகத் தேறியவர்கள் சிபிடி மட்டும் எடுத்தோரில் நூற்றுக்கு 60, மாத்திரை மட்டும் எடுத்தோரில் 55, இரண்டும் சேர்த்து எடுத்தோரில் 81. மருந்தே இல்லாத வெற்று மாத்திரை தரப்பட்டவர்களில் 24. மிதமான நிலையில் பேச்சிலிருந்து தொடங்கலாம், பிள்ளை ரொம்பவும் முடங்கிவிட்டால் இரண்டும் தேவைப்படும். மாத்திரை தொடங்கினால் முதல் சில வாரங்கள் கூர்ந்து கவனியுங்கள். சில பிள்ளைகளுக்கு அப்போது தற்கொலை எண்ணம் தலைதூக்கலாம் என்று எச்சரிக்கை இருக்கிறது. நன்றாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தவும் கூடாது. என் மகனுக்கு மாத்திரை தேவைப்படவில்லை. அதை நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்ததற்காக இப்போது வெட்கப்படுகிறேன், ஏனென்றால் அதைக் கேட்டுத் தன் மகளுக்கு மருந்தை நிறுத்திய ஒரு தோழி எனக்கு உண்டு.

படி 6: வீட்டில் உங்கள் வேலை

செஷன் முடிந்து வண்டியில் ஏறியதும் "என்ன பேசினே?" என்று கேட்காதீர்கள். எனக்கு நாக்கு நுனிவரை வரும். "பரோட்டா சாப்பிடறியா?" என்று மாற்றிக்கொள்வேன். எங்களுக்கு அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது, செவ்வாய்க்கிழமை பரோட்டா.

இன்னொரு வேலை கசப்பானது. பயத்துக்கு நாம் துணைபோவதை நிறுத்த வேண்டும். லீவு லெட்டர் எழுதிக் கொடுத்தது நான். "வலிக்குதா, சரி படு" என்று பால் ஆற்றிக் கொடுத்து டிவி ரிமோட்டையும் கொடுத்தது நான். பாசத்தில் செய்ததெல்லாம் அந்தப் பொறிக்கு எண்ணெய் போட்டிருக்கிறது. மேடம் சொன்னபடி மாற்றினோம்: லீவு நாளில் பள்ளி நேரம் முடியும்வரை போனும் டிவியும் கிடையாது, ஆனால் திட்டும் கிடையாது. முதல் வாரம் வீடு ரணகளம். கணவனும் மனைவியும் ஒரே பேச்சாக இருக்காவிட்டால் இது நடக்காது, பாட்டியையும் சேர்த்துத்தான்.

படி 7: பள்ளி

எவ்வளவு சொல்வது என்பதைப் பிள்ளையிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். நாங்கள் வகுப்பாசிரியையிடம் மட்டும் சொன்னோம்: சிகிச்சை நடக்கிறது, சில வாரம் பாதி நாள் வருவான், வகுப்பில் எழுப்பிக் கேள்வி கேட்க வேண்டாம். மேடத்திடம் ஒரு கடிதமும் வாங்கிக் கொடுத்தோம். நோயின் பெயர் அதில் இருக்க வேண்டியதில்லை, என்ன உதவி வேண்டும் என்று இருந்தால் போதும். வருகைப்பதிவு குறையும் முன்பே இதைச் செய்திருக்கலாம்.

படி 8: சரிவரவில்லை என்றால்

நான்கைந்து செஷன் ஆகியும் எதை நோக்கிப் போகிறோம் என்று உங்களுக்கோ பிள்ளைக்கோ தெரியவில்லை என்றால், வாய்விட்டுக் கேளுங்கள். நல்ல நிபுணர் கோபித்துக்கொள்ளமாட்டார். பிள்ளை சொன்ன ரகசியத்தை உங்களிடம் போட்டு உடைப்பவர், சாதி மதம் பற்றி உபதேசிப்பவர், ஓர் ஆண் ஆணை விரும்புவதையோ தன் பாலினம் பற்றிய குழப்பத்தையோ "மாற்றித் தருகிறேன்" என்பவர், இவர்களிடமிருந்து உடனே எழுந்து வந்துவிடுங்கள். சோதிடர், கோயில் கயிறு பற்றிக் கேட்பவர்களுக்கு: மாமியார் சுற்றிப் போட்டதை நான் தடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை செஷனை மட்டும் எதற்காகவும் விடவில்லை.

படி 9: நிறுத்துவது

திடீரென்று நிற்காது. எங்களுக்குப் பதினான்கு செஷன் வாரா வாரம், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்று, பிறகு மாதம் ஒன்று. கடைசிச் சந்திப்புகளில் பயம் திரும்பி வந்தால் என்ன செய்வது என்று அவனே எழுதி வைத்தான். திரும்பி வரும், அதை எதிர்பார்த்தே இருங்கள். பரீட்சை, இடமாற்றம், வீட்டில் ஒரு சாவு, ஏதோ ஒன்று கிளப்பிவிடும்.

ப்ளஸ் டூ அரையாண்டுத் தேர்வுக்கு முந்தின திங்கட்கிழமை, ஏழே காலுக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றான். எனக்குக் கை கால் ஓடவில்லை. "அஞ்சுதாம்மா," என்றான், "போய்ட்டு வந்துடறேன். மேடத்துக்கு மட்டும் ஒரு போன் பண்ணி டைம் கேளு." செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்குக் கிடைத்தது.